கட்டைகள் ஒன்பதும் சரி

பெட்டியக்காவைத் தெரியாத ஆறு வயதுப் பிள்ளை அந்த ஊரில் ஒன்றுகூடக் கிடையாது. ஏழு வயதாகிவிட்டால் எல்லாரும் அவளை மறந்துவிடுவார்கள். முதல் படி கிடைத்த பிள்ளைக்கு அவளை நினைக்க நேரமில்லை, ஏழாம் படி கிடைத்த பிள்ளைக்கு நினைக்கப் பிடிக்காது.

ஆறு வயது நிறைந்த பிள்ளையை மூளை அளவை நிலையத்துக்குக் கூட்டிவர வேண்டும் என்பது சட்டம். ஊர் அதை அளவாபீஸ் என்றுதான் சொல்லும். அங்கே மூன்றே நிமிஷத்தில் மூளையை அளந்து, ஒன்றிலிருந்து ஏழுக்குள் ஒரு படியைத் தாளில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் பள்ளிக்கூடம், பஸ்ஸில் சீட், ஆஸ்பத்திரி வரிசை, வேலை, கல்யாணம் எல்லாம் அந்தத் தாள் சொன்னபடிதான். முதல் படிக்காரனுக்குத் தலைவலி என்றால் மூன்று டாக்டர் ஓடிவருவார்கள். ஏழாம் படிக்காரனுக்குத் தலையே கழன்று விழுந்தாலும் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசியில்தான் நிற்க வேண்டும்.

இவ்வளவையும் அளக்கிற கருவி பெரிய மெஷின் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மரப்பலகை. அதில் ஒன்பது குழி, அடிவரைக்கும் ஓட்டையாக. ஒன்பது குழிக்கும் ஒன்பது கட்டை: வட்டம், சதுரம், நட்சத்திரம், அப்படி. கடைசியாக ஒன்று கூரை வைத்த வீடு மாதிரி ஐந்து மூலையோடு இருக்கும். அதற்கு வீட்டுக்கட்டை என்று பெயர். ஒன்பதையும் மூன்று நிமிஷத்துக்குள் வைத்தால் முதல் படி. எட்டோடு நின்றால் நாலாம் படி. வைக்காமல் வாயாடினால் அதற்குக் கீழே எதுவும் நடக்கலாம்.

அந்தப் பெட்டியைச் சுமக்கிறவள் என்பதால் அவள் பெட்டியக்கா. அவளும் ஆறு வயதில் அதே பலகை முன்னால் உட்கார்ந்தவள்தான். கட்டைகளைக் குழியில் வைக்காமல் வரிசையாக உட்காரவைத்து, இது அப்பா, இது அம்மா, இது அத்தை என்று குடும்பம் நடத்தினாளாம். அத்தைக்கும் அம்மாவுக்கும் சண்டை சூடுபிடிப்பதற்குள் மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது. ஆறாம் படி. ஆறாம் படிக்காரிக்கு அளவாபீஸில் அறிவு வேலை கொடுக்க மாட்டார்கள், சுமக்கிற வேலை கொடுப்பார்கள். இருபத்தொரு வயதில் சேர்ந்தாள்.

வேலை லேசுதான். காலையில் பெட்டியைத் திறந்து கட்டைகளைப் பரப்ப வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்தபிறகு பலகையை மறைப்புத் தட்டிக்குப் பின்னால் எடுத்துப்போய்க் கட்டைகளை உருவ வேண்டும். சாயங்காலம் கட்டைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ஏனென்றால் பாதிப் பிள்ளைகள் நக்கிப் பார்த்துத்தான் மூளையைப் பயன்படுத்தும். வருஷத்துக்கு ஒருமுறை பலகைக்கு வார்னிஷ் அடிக்க வேண்டும். கடைசியாகத் தினமும் பதிவேட்டில், ‘கட்டைகள் ஒன்பதும் சரி’ என்று அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் அன்றைக்குக் கொடுத்த படி எதுவும் செல்லாது.

சேர்ந்த இரண்டாவது வாரம் கழுவிய கட்டைகளை ஜன்னல் விளிம்பில் காயவைத்தாள். ஒரு காக்கா வந்து வீட்டுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அந்தக் காக்காவுக்கு யாரும் படி போட்டதில்லை. ஆனால் ஒன்பதில் எதைத் தூக்கினால் ஊர் தலைகீழாகும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

சொன்னால் வேலை போகும். குழியின் அளவைத் தாளில் வரைந்து தச்சரிடம் ஓடலாம் என்றால், ஆபீஸ் தாளை வெளியே எடுத்துப்போகக் கூடாது என்று சட்டம். உள்ளங்கையை எடுத்துப்போகக் கூடாது என்று சட்டம் இல்லை. பலகைக்கு அடியில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, குழிக்குள் பேனாவை விட்டுச் சுற்றி வரைந்துகொண்டு, பின்தெருத் தச்சுப்பட்டறைக்கு ஓடினாள்.

பட்டறையில் தனியாள். அவளைவிட மூன்று வயது பெரியவர், ஐந்தாம் படி, மீசை நிறைய மரத்தூள். கையைக் காட்டு என்றார். காட்டினாள். சரியாகத் தெரியவில்லை என்று விரல்களைப் பிடித்து விரித்தார். இன்னும் தெரியவில்லை என்று இன்னும் கொஞ்சம் விரித்தார். கண் நல்ல கண்தான், மூன்று வீடு தள்ளி ஆணி விழுந்தால் எத்தனை அங்குல ஆணி என்று சொல்லக்கூடியவர். அன்றைக்கு மட்டும் எப்படி மங்கியதோ, அளவெடுக்க அரைமணி நேரம் ஆனது. தோல் இழுபட்டுக் கோடும் இழுபட்டது. அந்த அளவில் கட்டையைச் செய்து கொடுத்துவிட்டு, ஏதாவது கோளாறு என்றால் வந்து சொல்லுங்கள், கோளாறு இல்லாவிட்டாலும் வந்து சொல்லுங்கள் என்றார்.

மறுநாள் முதலில் வந்தது ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண்பிள்ளை. மளமளவென்று எட்டுக் கட்டையை வைத்துவிட்டு வீட்டுக்கட்டையை எடுத்தது. நாலு விதமாகத் திருப்பிப் பார்த்தது. குழிமேல் கட்டையை வைத்துக் கண்ணை ஒட்டிப் பார்த்தது. பிறகு கையைக் கட்டிக்கொண்டு, “இது சேராது” என்றது.

அளக்கிறவர் எழுதினார்: ‘எட்டு. சாக்குச் சொல்கிறாள். ஆறாம் படி.’

கட்டை கால் நூல் பெரிது. தச்சர் கணக்கில் கால் நூல், நம் கணக்கில் நகத்தின் கனம். தட்டிக்குப் பின்னால் நின்று கேட்ட பெட்டியக்கா, பலகை கைக்கு வந்ததும் தானே வைத்துப் பார்த்தாள். அன்றைக்கு வந்த பிள்ளை ஒன்றாலும் முடியவில்லை. சாயங்காலம் கடைசியாக ஒரு பையன் வந்தான். வீட்டுக்கட்டை உள்ளே போகவில்லை என்றதும் அவன் யோசிக்கவே இல்லை. காலில் இருந்த பூட்ஸைக் கழற்றி, டம் டம் டம் என்று மூன்று அடி. கட்டை உள்ளே போய்விட்டது. அளக்கிறவர் எழுந்து நின்று அவனுக்குக் கை கொடுத்தார். முதல் படி.

அன்றிலிருந்து அந்த ஊரில் அடித்து நுழைக்கிற பிள்ளை அறிவாளி, சேராது என்று சொல்கிற பிள்ளை மக்கு. நுழைந்த கட்டையைப் பெட்டியக்கா தட்டிக்குப் பின்னால் பலகையைக் கவிழ்த்து, இடுப்பில் செருகிய கரண்டிக் காம்பால் குத்தி வெளியே தள்ளுவாள். அடித்து அடித்துக் குழி பெரிதாகியிருக்காதா என்றால், அதற்குத்தான் வருஷாவருஷம் வார்னிஷ் இருந்ததே. அடி எவ்வளவு தேய்த்ததோ அவ்வளவையும் வார்னிஷ் அடைத்துவிடும். சர்க்கார் பணம் வீண்போகவில்லை.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். நாளைக்கு என்பது பதினேழு வருஷம் நீளமாக இருந்தது. கோளாறு இல்லை என்று சொல்லத் தச்சுப்பட்டறைக்குப் போனாள், மறுபடி போனாள், கல்யாணம் ஆனது. ஐந்து போய் ஆறில் விழுந்தது என்று அவர் சொந்தக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே மூன்று பந்தி சாப்பிட்டுப் போனார்கள். பத்து வருஷம் கழித்து ஒரு பெண் பிறந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்போல இருந்ததால் சுண்டெலி.

சுண்டெலி வளர்வதற்குள் முதல் படிப் பிள்ளைகள் வளர்ந்து பெரிய நாற்காலிகளில் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். ‘இழு’ என்று எழுதிய கதவையெல்லாம் தள்ளினார்கள். ஊரில் ஒரு கதவுக்காவது கீல் நேராக இல்லை. ஆற்றுப் பாலத்தை இரண்டு கரையிலிருந்தும் கட்டிக்கொண்டு வந்தார்கள், நடுவில் ஒரு முழம் விலகி நின்றது. தலைமை இஞ்சினீயர் பெரிய சுத்தியலாகக் கொண்டுவரச் சொன்னார். பல் டாக்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சேராது என்று சொன்ன பிள்ளைகளெல்லாம் ஊர்க்கோடியில் சாக்குத் தைக்கிற கொட்டகையில் இருந்தார்கள். அந்த ஊரில் பிரியாமல் இருந்த ஒரே பொருள் சாக்குதான்.

சுண்டெலிக்கு ஆறு வயது நிறைந்தது. திங்கட்கிழமை வரச் சொல்லிச் சீட்டு வந்துவிட்டது, நாற்பத்தொன்றாம் எண். பெட்டியக்காவுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. சுண்டெலி தவழ்ந்ததே மரத்தூளில்தான். நாற்காலிக் காலைப் பார்த்தவுடனே, “அப்பா, இது ஆடும்” என்பாள், ஆடும். பொருந்தாததை அடிக்கக் கூடாது, இழைக்க வேண்டும் என்பது அந்தப் பட்டறையின் வேதம். அதைப் பால்குடி மறப்பதற்கு முன்பே படித்துவிட்டாள். வீட்டுக்கட்டையை நீட்டினால் அவள் என்ன சொல்வாள் என்று பெட்டியக்காவுக்கு நன்றாகத் தெரியும். அதற்கு என்ன எழுதுவார்கள் என்று அதைவிட நன்றாகத் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கட்டையைக் கொண்டைக்குள் வைத்து முடிந்துகொண்டாள். இந்தத் தடவை உள்ளங்கையை நம்பவில்லை. கட்டை கழுவுகிற சோப்பைக் குழியில் அழுத்தி, அச்சு மாதிரி எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறையில் போய் நின்றாள்.

“என்னங்க, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது.”

“அப்படின்னா கோவப்படுற விஷயம்தான். சொல்லு.”

“உங்க கட்டை சேரலீங்க.”

“எந்தக் கட்டை?”

“அந்தக் கட்டைதான். பதினேழு வருஷமா.”

தச்சர் சிரித்தார். பட்டறைக்கு வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும், ஊரில் உள்ள முதல் படி மூளையெல்லாம் என் கட்டை பொறுக்கியெடுத்தது என்று பீற்றிக்கொள்வது அவர் வழக்கம். அவள் கொண்டையை அவிழ்த்துக் கட்டையை எடுத்து, சோப்பின் மேல் வைத்துக் காட்டினாள். சிரிப்பு பாதியில் நின்றது. பொண்டாட்டி ஓடிப்போனாள் என்று கேட்டிருந்தால்கூட மனுஷர் அவ்வளவு வாடியிருக்க மாட்டார்.

“அன்னைக்கு உன் கை நடுங்கியிருக்கும்.”

“கை நடுங்கல. நீங்கதான் இழுத்து இழுத்துப் புடிச்சீங்க.”

மீசையைத் தடவினார். “கொஞ்சம் இழுத்தேன்தான்” என்று ஒப்புக்கொண்டார்.

இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். முதலில் வேலை போகும் என்று பயம், பிறகு அவர் பெருமை போகும் என்று பயம், அப்புறம் சொல்லாமல் இருந்ததைச் சொல்லப் பயம் என்றாள். அதற்குள் சுண்டெலி கட்டையையும் சோப்பையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, “இந்த ஓரம்தாம்ப்பா. ரெண்டு இழைப்பு” என்றாள்.

தச்சர் இழைப்புளியை எடுத்தார். எடுத்தவர் வைக்காமலும் ஓட்டாமலும் நின்றார்.

“சேரலன்னு சொன்ன பிள்ளைங்கல்லாம் எங்க?”

“சாக்குக் கொட்டாயில.”

“எத்தனை பேரு?”

நாளைக்கு நாற்பது பிள்ளை, பதினேழு வருஷம். அவருக்கும் பெருக்கத் தெரியும். இரண்டு தடவை இழைத்தார். நகத்தின் கனத்துக்கு ஒரு சுருள் கீழே விழுந்தது. இழைத்த ஓரத்தில் கொஞ்சம் வார்னிஷைத் தடவி, அவள் கையில் கொடுத்துவிட்டு, அன்றைக்கு முழுக்க வேறு எந்த மரத்தையும் தொடவில்லை.

திங்கட்கிழமை அளக்கிற நாற்காலியில் இருந்தவன் வேறு யாருமில்லை, அந்த பூட்ஸ் பையன்தான். இப்போது இருபத்து மூன்று வயது. இரண்டு கையிலும் கடிகாரம் கட்டுவதால் ரெட்டைக்கடிகாரம் என்று பெயர். ஒன்று இன்னொன்றோடு ஒத்துப்போனதே இல்லை.

முதல் பிள்ளை ஒரு நிமிஷத்தில் ஒன்பதையும் வைத்துவிட்டது. ரெட்டைக்கடிகாரம் மகிழ்ச்சியாக முதல் படி எழுதினான். இரண்டாவதும் வைத்தது. ஐந்தாவது பிள்ளை கொட்டாவி விட்டுக்கொண்டே வைத்தது. பத்தாவது பிள்ளைக்கு அப்புறம் அவனுக்கு வியர்க்க ஆரம்பித்தது. இருபதாவதில் இரண்டு கடிகாரத்தையும் காதில் வைத்துக் குலுக்கிப் பார்த்தான். முப்பதாவதில் முதல் படி முத்திரையின் மை தீர்ந்துபோனது. பதினேழு வருஷத்தில் அது தீர்ந்ததே இல்லை. வராந்தாவில் அப்பா அம்மாக்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். நாற்பதாவது பிள்ளை எழுந்ததும், நாற்பத்தொன்று என்று கூப்பிட்டுவிட்டு, தாங்க முடியாமல் ஓடிப்போய் ஆபீஸ் தலைவரான பெரிய அளவரைக் கூட்டிவந்தான்.

பெரிய அளவர் தாள்களைப் புரட்டினார். முகம் கறுத்தது. ஒரே நாளில் நாற்பது அறிவாளி என்றால் பலகைதான் கெட்டிருக்க வேண்டும், முதல் படிப் பள்ளிக்கூடத்தில் மொத்தம் முப்பது பெஞ்சுதான் இருக்கிறது என்றார். பலகையை நானே சோதிக்கிறேன் என்றான் ரெட்டைக்கடிகாரம். எட்டுக் கட்டையை வைத்தான். ஒன்பதாவதை எடுத்ததும் கை தானாகக் கீழே போய் பூட்ஸைக் கழற்றியது. கட்டை சும்மா வழுக்கி உள்ளே போய்விட்டது. அடி மட்டும் பலகைமேல் இறங்கியது. பலகை நட்டநடுவில் இரண்டாகப் பிளந்தது.

கூப்பிட்ட எண்ணை அளக்காமல் அனுப்பக் கூடாது என்பது இன்னொரு சட்டம். சுண்டெலி வந்து உட்கார்ந்தாள். தட்டியோரம் நின்ற அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பலகையைப் பார்த்தாள்.

“உடைஞ்சிருக்கு.”

“சாக்குச் சொல்லாம வை பாப்பா” என்றார் பெரிய அளவர்.

“உடைஞ்சதுல எப்படி வைக்கிறது? எங்கப்பாகிட்ட குடுங்க, ஒட்டிக் குடுப்பாரு. ரெண்டு நாளாகும். பசை காயணும்.”

ரெட்டைக்கடிகாரம் எழுதிவிட்டான்: ‘சாக்கு. அதிகப்பிரசங்கம். ஏழாம் படி.’

தட்டிக்குப் பின்னால் பதினேழு வருஷம் நின்றவள் அப்போதுதான் முன்னால் வந்தாள்.

“ஐயா, பலகை கெடல. இன்னைக்குத்தான் அது சரியா இருந்துச்சு.”

காக்காவிலிருந்து சோப்பு வரைக்கும் சொன்னாள். விரல் பிடித்ததை மட்டும் விட்டுவிட்டாள், அது சொந்த விஷயம். ரெட்டைக்கடிகாரம் குனிந்து தன் பூட்ஸையே பார்த்தான். பெரிய அளவர் விரல்விட்டு எண்ணினார். அவருடைய இரண்டு மகன்களும் முதல் படி, ஒருவன் பாலம் கட்டியவன். எண்ணி முடித்ததும் ரெட்டைக்கடிகாரத்தையும் சுண்டெலியையும் வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். பெட்டியக்காவுக்கு நாற்காலி போட்டார். அந்த அறையில் ஆறாம் படிக்கு நாற்காலி என்பது ஆபீஸ் கட்டிய நாளிலிருந்து நடக்காத அதிசயம்.

அவர் குரல் வெண்ணெயாக வந்தது. பழகின அளவுதான் சரியான அளவு, உங்கள் வீட்டுக்காரர் பழைய மாதிரியே ஒரு கட்டை செய்து கொடுக்கட்டும். இந்த நாற்பதும் ஏதோ கோளாறு, ஐந்தாம் படி போட்டுச் சரிசெய்துவிடலாம். உங்கள் பெண்ணுக்கு முதல் படி. நீங்கள் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம், தினமும் போடுகிற கையெழுத்துதான் என்று பதிவேட்டைத் திருப்பி வைத்தார்.

“அவ பொழைச்சுப் போவாம்மா. ஒரு கையெழுத்து.”

பெட்டியக்கா பேனாவை எடுத்தாள். பொய்யென்று தெரிந்து போட்டுப் போட்டுக் கை பழகிவிட்டது, கண்ணை மூடிக்கொண்டே போடலாம். மகளுக்குக் கண்ணாடி ஜன்னல் பள்ளிக்கூடம், பஸ்ஸில் முன்சீட்டு, தலைவலித்தால் மூன்று டாக்டர். கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பெஞ்சில் சுண்டெலி ரெட்டைக்கடிகாரத்தின் பூட்ஸை வாங்கி, பிய்ந்த அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே ஆணி வைக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்ணாடி ஜன்னலுக்கு அனுப்பினால், முதல் நாளே சேராததைச் சேரும் என்று சொல்லக் கற்றுக்கொடுப்பார்கள்.

பதிவேட்டில் அச்சு இப்படி இருந்தது: ‘கட்டைகள் ஒன்பதும் சரி.’ பெட்டியக்கா அதற்குப் பக்கத்தில், ஒவ்வொரு எழுத்தாக, ‘இன்றைக்கு மட்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பதிவேட்டில் பக்கத்தைக் கிழிக்க முடியாது, எண் போட்டிருக்கும். அடிக்க முடியாது, அடித்தால் அதற்கும் அவளே கையெழுத்துப் போட வேண்டும். பெரிய அளவர் பதிவேட்டைப் படீரென்று மூடினார். பிறகு அவளை அன்றே வேலையிலிருந்து அனுப்பிவிட்டார். கோபமாக எழுந்து கதவைத் தள்ளினார், அது இழுக்கிற கதவு. பெட்டியக்காதான் இழுத்துத் திறந்துவிட்டாள்.

விஷயம் மேலே போனது. விசாரிக்க ஒரு குழு உட்கார்ந்தது. குழுவில் எல்லாரும் முதல் படி, அதனால் இன்னும் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறது. முடிவு வரும்வரை அந்த நாற்பத்தொரு பிள்ளைகளின் தாளிலும் படி எழுதுகிற கட்டத்தில் ஒரு கோடு இழுத்து அனுப்பிவிட்டார்கள். கோட்டுக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று ஒரு ஆபீசருக்கும் தெரியவில்லை; வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் போய்ப் படித்தார்கள். பஸ் கண்டக்டர் சுண்டெலியின் தாளைத் தலைகீழாகவும் பார்த்துவிட்டு, எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்துகொள் என்றார். அவள் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கியர் குச்சி ஆடுகிறது என்று சொல்லிக்கொண்டு போகிறாள்.

பிளந்த பலகையை ஒட்ட வேண்டுமே. ஊரில் அந்த வேலை தெரிந்தவர் ஒரே ஒருத்தர்தான். ஆபீஸே உத்தரவு போட்டு, பலகையையும் கட்டைகளையும் பின்தெருப் பட்டறைக்கு அனுப்பிவைத்தது. அதுவரை அளவு இல்லை, வருகிற பிள்ளைக்கெல்லாம் கோடுதான்.

எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் சாக்குக் கொட்டகையிலிருந்து ஒரு பெண் பட்டறைக்கு வந்தாள். இருபத்து மூன்று வயது இருக்கும், விரலெல்லாம் ஊசித் தழும்பு. அந்தக் கட்டையைப் பார்க்கலாமா என்று கேட்டாள். பெட்டியக்கா எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் நாலு விதமாகத் திருப்பினாள். கண்ணை ஒட்டிப் பார்த்தாள். அப்போதுதான் பெட்டியக்காவுக்கு ரெட்டைச் சடை ஞாபகம் வந்தது.

“இது இப்ப சேரும்போல இருக்கே.”

“இப்ப சேரும்மா. அன்னைக்குச் சேராது. நீ சரியாத்தான் சொன்னே.”

“அப்பவே சொன்னேன்ல?”

“சொன்னே. நான் தட்டிக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

அந்தப் பெண் மடியிலிருந்து பழுப்பேறிய ஒரு தாளை எடுத்து விரித்தாள். ‘சாக்குச் சொல்கிறாள்’ என்று இருந்த இடத்தைக் காட்டினாள். பெட்டியக்கா தச்சரின் காதிலிருந்து பென்சிலை உருவி, அந்த வரிக்குக் கீழே, ‘இல்லை. கட்டைதான் தப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பென்சில் கையெழுத்து ஒரு ஆபீஸிலும் செல்லாது. அந்தப் பெண் அதை நாலாக மடித்து, பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

மறுநாள் கொட்டகையிலிருந்து பதினோரு பேர் வந்து வாசலில் வரிசையாக நின்றார்கள், ஆளுக்கொரு தாளோடு. நடுவில் முண்டியடித்துக்கொண்டு அளவாபீஸ் பியூன் வந்து, பலகை தயாரா என்று பெரிய அளவர் கேட்கிறார் என்றான். தச்சர் வாயைத் திறப்பதற்குள் பட்டறை மேஜைக்கு அடியிலிருந்து சுண்டெலியின் குரல் வந்தது.

“பசை இன்னும் காயலீங்க.”